துளசிய உள்ள கூப்பிடாதீங்க

இல்ல ஆன்ட்டி, பயமில்ல. ஏர்கோன் ஜாஸ்திலா, அதான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். வெளிய எல்லாரும் ஜட்ஜ்னு சொன்னாங்க, நீங்க ஆன்ட்டின்னு கூப்பிடச் சொல்றீங்க. சரி ஆன்ட்டி.

பேரு பிரமிளா. அஞ்சாம் ஆண்டு படிக்கிறேன். தங்கச்சி துளசி பாலர் பள்ளி போறா. வெளிய பெஞ்சில உக்காந்திருக்கா, ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா. நான் சீக்கிரம் போலாமா?

அம்மா வீடும் நல்லாத்தான் இருக்கு. சிலிபின்ல, மேல் மாடி. பள்ளிக்கூட நாள்ல அங்க. சனி ஞாயிறு செமோர்ல அப்பாகிட்ட. எஸ்டேட் இருந்த எடத்துல இப்ப வரிசையா வீடு கட்டி தாமான் ஆக்கிட்டாங்க, அங்கதான் வாடகைக்கு இருக்காரு. அடிக்கவா? ஐயோ, யாரும் அடிக்க மாட்டாங்க ஆன்ட்டி. அம்மா வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே சோறு ஆக்கி வச்சிரும். அப்பா எங்களுக்குன்னு புது மெத்த வாங்கிப் போட்டிருக்காரு.

ஆனா அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. அப்பா கீழ கார நிறுத்தி ஹார்ன் அடிப்பாரு. அம்மா ஜன்னல்லகூட எட்டிப் பாக்காது. நாந்தான் துளசியக் கூட்டிட்டு எறங்குவேன். எதுன்னாலும் என்கிட்டதான் கேப்பாங்க.

யாருகிட்ட இருக்கணும்னா... அத நான் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. அம்மான்னு சொன்னா அப்பா அழுவாரு. அப்பான்னு சொன்னா அம்மா சாப்பிடாது. நீங்களே சொல்லிருங்க. எங்கன்னாலும் சரி, எங்க ரெண்டு பேரையும் பிரிக்காம இருந்தா போதும். ஆளுக்கு ஒண்ண வச்சிக்கலாம்லன்னு பெரியம்மா ஃபோன்ல சொன்னாங்க, நான் கேட்டேன். நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கதானே?

துளசியா? இப்பவா? வேணாம் ஆன்ட்டி. சின்னப் புள்ள, அதுக்கு ஒண்ணும் தெரியாது. ப்ளீஸ், கதவத் தொறக்காதீங்க. நானே சொல்லிடறேன்.

சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிருமா? தெரிஞ்சா, அப்பா வீட்டுலதான் ஏதோ ஆச்சுன்னு அம்மா சொல்லும், அம்மா வீட்டுலதான்னு அப்பா சொல்லுவாரு. மறுபடியும் சண்ட வரும்.

அவ பேசறதில்ல ஆன்ட்டி. அப்பா துணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனாருல்ல, அன்னிலேர்ந்து. என்னடி இவ வாயே தொறக்க மாட்டேங்குறா, அங்க எப்படின்னு அம்மா கேக்கும். அங்க வாய் ஓயாம பேசுறாம்மான்னு சொல்லுவேன். அப்பா கேட்டா, அம்மாகிட்ட நல்லாப் பேசுறாப்பான்னு சொல்லுவேன். தன் மேல மட்டுந்தான் புள்ளைக்குக் கோவம்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சும்மா இருந்துருவாங்க. பாலர் பள்ளி டீச்சர்கிட்ட கூச்சம்னு சொல்லி வச்சிருக்கேன்.

என்கிட்டயா? ம்... பேசுவா. போர்வைக்குள்ள, என் காதுல மட்டும். அக்கா தண்ணி, அக்கா வயிறு வலிக்குதுன்னு. அது போதும்னுதான் நான் யாருகிட்டயும் சொல்லல.

தீபாவளி லீவுக்கப்புறம் அதும் இல்ல ஆன்ட்டி.