பொம்மைக் கம்பெனியின் விலாசம்

தலைநகரின் மோதி பாக்கில் தங்கிப் பார்த்த வேலையை விட்டு நடந்தவன், கால் வலித்ததால் துவாரகா பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள், அக்கா தங்கை.

"கம்பெனியப் பதிவு பண்ண விலாசம் கேக்குறாங்க. கவர்மென்ட் குவார்ட்டர்ஸப் போட்டா உங்க அத்தானுக்கு மெமோ வரும்," என்றாள் துணிப்பொம்மை செய்யும் அக்கா. "உன் ஃபிளாட்டப் போடட்டுமா?"

"போடுக்கா. வேற யாராவது எடுத்துடுவாங்கன்னு வெப்சைட் பேரையும் நேத்தே வாங்கிட்டேன்."

"யார் பேர்ல?"

"என் பேர்லதான்."

"அச்சா! விலாசமும் உன்னுது, பேரும் உன்னுது. அப்ப நான் யாருடி, உன் தையக்காரியா?"

தங்கை ஃபோனை நீட்டினாள். "இந்தா, இப்பவே உன் பேருக்கு மாத்திக்கோ. ஃபிளாட்ட மட்டும் விட்டு வை."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கட்டட வேலைக்குச் சேர்ந்தேன். மேஸ்திரி விலாசம் கேட்டார். இந்தக் கட்டடம்தான் என்றேன்.