தூசி வாடைதான் என்று நான் சொன்னது

பெயர் வெர்னா ப்ரூயிட். வயது ஐம்பத்து மூன்று. விவாகரத்து ஆனவள். ஃபுளோரிடா மாநிலம் ஆபர்ன்டேலில் சொந்த வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். டேஞ்சலோ லகூன் கேளிக்கைப் பூங்காவின் விடுதி அறையில் நடந்த தீ விபத்தில் இறந்துபோனவர் பெயர் ஐவர் ஹால்வர்சன், என் தங்கை லொரெட்டாவின் கணவர். அது சம்பந்தமாகப் போலீஸ் டெபுடி ஒகாசியோ முன்பு, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து, கீழ்க்கண்டவாறு வாக்குமூலம் கொடுக்கிறேன்.

என் தங்கை கல்யாணம் ஆனதிலிருந்து வடக்கே மின்னசோட்டாவில் இருக்கிறாள். அவளுக்குப் பிரிட்டா என்று ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா உண்டு. ஜனவரிப் பனியிலிருந்து ஒரு வாரமாவது தப்பித்து வெயிலில் இருக்கலாம் என்றுதான் அவர்கள் மூவரும் இங்கே கிளம்பி வந்தார்கள். அவர்கள் காரில் ஏறிய பிறகு, வடக்கிலிருந்து பெரிய குளிர் இறங்குகிறது, தண்ணீர் உறையும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். லொரெட்டா வழியிலிருந்து போன் செய்து, "அக்கா, குளிரைக் கையோட கூட்டிக்கிட்டு வரோம் போலிருக்கு, திரும்பிப் போயிடட்டுமா?" என்று கேட்டாள். நான்தான் வரச் சொன்னேன். குளிர் வந்தால் பூங்காவில் வரிசையே இருக்காது, எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கென்றே காத்திருந்து அந்த நாளில் போவார்கள் என்று சொன்னேன். அது உண்மைதான்.

அதன் பிறகு, நான் என் வீட்டு வாசலில் இருக்கும் செம்பருத்திகளுக்குப் பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்திவிட்டு, அவர்களுக்கு முன்பே விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, நால்வருக்கும் சேர்த்து எடுத்திருந்த பெரிய அறையின் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்த ஏசிப் பெட்டி இருந்தது, அதிலேயே ஹீட்டரும் உண்டு. நான் அதை ஹீட்டருக்கு மாற்றிப் போட்டேன். போட்டவுடனே கருகல் வாடை வந்தது. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் கவலை வரவில்லை. சார், நீங்களும் இந்த ஊர்க்காரர்தான். வருஷம் முழுக்க ஏசி ஓடி, ஹீட்டர் கம்பியில் தூசி படிந்து கிடக்கும், முதல் குளிருக்கு அதைப் போட்டால் அந்தத் தூசி கருகும், வீடெல்லாம் வாடை அடிக்கும், புகை அலாரம் கத்தும், நாம் நாற்காலி போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றி வைப்போம். என் அம்மா அப்படித்தான் செய்தாள், நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அந்த அறையிலும் அலாரம் ஒரு தடவை கத்தியது. கதவையொட்டிய குறுகிய நடையின் கூரையில் இருந்தது. மின்சாரத்தில் ஓடுவது, கழற்ற வரவில்லை. அதனால் குளியலறையில் வைத்திருந்த, தலை நனையாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து வந்து, நாற்காலியில் ஏறி, அலாரத்துக்கு மாட்டிவிட்டேன். ரப்பர் வைத்த தொப்பி, அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. தூசி கருகி முடிந்ததும் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதன் பிறகு பிரிட்டாவுக்குக் கையுறையும் கம்பளியும் வாங்க விடுதிக் கடைக்குப் போனேன். அங்கே ஊரே திரண்டிருந்தது, கையுறை தீர்ந்துபோய் ஜனங்கள் காலுறை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொப்பியை மறந்துவிட்டேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். ஐவர் அரைக்கால் சட்டையோடு வந்து இறங்கினார். நான் கோட்டுக்கு மேல் கம்பளி சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "இதையா அண்ணி குளிருன்னு சொல்றீங்க? எங்க ஊர்ல இந்தக் குளிருக்கு ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தூங்குவோம்" என்றார். "அதனாலதான் மாப்பிள்ளை உங்க ஊர்ல யாரும் குடியிருக்க வர்றதில்ல" என்று நான் சொன்னேன். எங்களுக்குள் எப்போதும் இந்தப் பேச்சுதான். அவரை எனக்குப் பிடிக்கும்.

அறைக்குள் வந்ததும் அவர் மூக்கைச் சுளித்தார். "அண்ணி, ஏதோ வயர் கருகுற வாடை" என்றார். நான் தூசி என்று சொன்னேன். அவர் குனிந்து ஹீட்டரிடம் முகத்தை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல வருஷத்துல பாதி நாள் ஹீட்டர்தான் ஓடுது, தூசி வாடை எனக்குத் தெரியாதா? கீழ சொல்லிடலாம்" என்று போனைக் கையில் எடுத்தார். நான் அதை வாங்கி வைத்தேன். "மானத்தை வாங்காதீங்க மாப்பிள்ளை. இதுக்குப் போய் இந்த ஊர்ல யாரும் போன் பண்ண மாட்டாங்க. சிரிப்பாங்க" என்றேன். லொரெட்டாவும் இங்கே பிறந்து வளர்ந்தவள்தானே, "ஆமாங்க, அக்கா சொல்றது சரி, சின்ன வயசுல இந்த வாடை வந்தாதான் எங்களுக்குக் குளிர்காலமே" என்றாள். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து சொன்னதும் அவர் விட்டுவிட்டார்.

ராத்திரி ஹீட்டரைக் குறைத்து வைத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் காலையில் நால்வரும் பூங்காவுக்குள் போனோம். நீச்சல் குளத்தில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, தண்ணீர்ச் சறுக்குகளை எல்லாம் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். பனைமரங்களுக்கு அடியில் வேலையாட்கள் காதுவரை போர்த்திக்கொண்டு நின்று, "இனிய வெயில் நாளாகட்டும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்கள், அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். உயரத்திலிருந்து சறுக்கி இறங்கி ஆளை முழுக்க நனைக்கும் மரக்கட்டைப் படகு ஒன்றுதான் தண்ணீரில் ஓடியது. அதில் ஏற ஆளே இல்லை. பிரிட்டா, "அப்பா, உனக்குத் தைரியம் இருந்தா போ பாக்கலாம்" என்றாள். அவர் போனார். ஒரு தடவை போதாதென்று இரண்டாம் தடவையும் போனார். கீழே நின்று நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டாம் தடவைக்கு முன்னால், படகு பழுது என்று கொஞ்ச நேரம் நின்றபோது, நானும் அவரும் மட்டும் தடுப்புக் கம்பியருகே இருந்தோம். அவர் கோட்டுப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டினார். உறை பிரிக்காத பாக்கெட். கோடையில், பிரிட்டா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி தொடுவதில்லை என்று லொரெட்டாவுக்கும் குழந்தைக்கும் சத்தியம் செய்து கொடுத்தாராம். அன்றைக்கு மிச்சமிருந்த பாக்கெட் இது. "பையில இருக்கணும், பிரிக்கக் கூடாது. தூக்கிப் போட்டுட்டா கடையைப் பாக்கிறப்பல்லாம் வாங்கத் தோணும். இது இருக்கிற வரைக்கும் வாங்க வேண்டாம் பாருங்க. லொரெட்டாகிட்ட சொல்லாதீங்க, அவளுக்கு இந்தக் கணக்குப் புரியாது" என்றார். சரி என்றேன்.

அதன் பிறகு அவர் நனைந்த உடையோடு எங்களுடன் சுற்றினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது உதடு நீலம் பாரித்து, சூப் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. "வடக்கத்தி வீரமெல்லாம் எங்க போச்சு மாப்பிள்ளை?" என்று நான் கேலி செய்தேன். பிறகு நானேதான், "அறைக்குப் போய் ஹீட்டரை முழுசா வச்சுட்டு, போர்த்திக்கிட்டுப் படுங்க, நாங்க இருட்டுறதுக்குள்ள வந்துடுறோம்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் பிரிட்டாவின் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் ராட்டினத்தில் ஏறப் போனபோது ஐவர் என் போனுக்குக் கூப்பிட்டார். "அண்ணி, அந்த வாடை இன்னும் அடிக்குதே. நேத்தைவிட ஜாஸ்தியா இருக்கு. அணைச்சுடட்டுமா?" என்று கேட்டார். அவர் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. "முழுசா வச்சீங்கல்ல, மிச்ச தூசியும் கருகுது, அவ்வளவுதான். அணைச்சா விறைச்சுப் போயிடுவீங்க. தூங்குங்க" என்று சொன்னேன். "சரி, நீங்க ஊர்க்காரங்க, நீங்க சொன்னா சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். யார் என்று லொரெட்டா கேட்டாள். "உன் புருஷன்தான், குளிருதாம்" என்றேன். அவள் சிரித்தாள். தொப்பி எனக்கு அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது, விடுதி வாசலில் தீயணைப்பு வண்டிகள் நின்றன. வராந்தாவில் இருக்கும் அலாரம் அடித்த பிறகுதான் ஆட்கள் போயிருக்கிறார்கள். தீ பெரிதில்லை, ஜன்னல் திரையும் ஒரு படுக்கையும்தான். புகைதான் அவரைக் கொன்றது, அவர் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னார்கள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றால் ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்கள் போல. அலாரம் அடித்திருந்தால் எழுந்திருப்பார் என்பதுதான் எனக்குக் கேட்டது.

விடுதி மேலாளர் லொரெட்டாவிடம் வந்து, நான் பக்கத்தில் நிற்கும்போதே, அலாரத்தில் தொப்பி மாட்டியிருந்தது, நனைந்த கோட்டில் சிகரெட் பாக்கெட் இருந்தது, இப்படித்தான் பல பேர் அறைக்குள் புகைக்கிறார்கள் என்று சொன்னார். பாக்கெட் தீயில் வெந்து, தீயணைத்த தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது, பிரித்ததா பிரிக்காததா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

லொரெட்டா அழுதுகொண்டிருந்தவள் அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள். "பிள்ளை தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினவன் அக்கா. அதே பிள்ளை படுக்கிற அறையில தொப்பி மாட்டிக்கிட்டுப் புகைச்சிருக்கான். செத்துத் தொலைஞ்சான்" என்றாள். அதிலிருந்து அவர் பெயரை அவள் சொல்வதில்லை. இன்று மாலை அவருடைய உடல் விமானத்தில் மின்னசோட்டாவுக்குப் போகிறது. கூடப் போக மாட்டேன், அடக்கத்துக்கும் நிற்க மாட்டேன், அவருடைய அண்ணன்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொன்னால் அவளுக்குப் புருஷனோடு அக்காவும் இல்லாமல் போய்விடும், அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒருவன் செத்துக் கிடக்கிறான், அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் அவன் பெண்டாட்டிக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலையில் என் வீட்டில் பிரிட்டாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே, "பெரியம்மா, அப்பா என்கிட்டப் பொய் சொன்னாரா?" என்று கேட்டாள். நான், "எனக்குத் தெரியாதுடா கண்ணு" என்றேன். சொல்லிவிட்டு ஜடையைப் பின்னி முடித்தேன். அதன் பிறகு இங்கே புறப்பட்டு வந்தேன்.

ஹீட்டரைப் போட்டது நான். அலாரத்துக்குத் தொப்பி மாட்டியதும் நான். வயர் கருகுகிறது என்று அவர் இரண்டு தடவை சொல்லியும் தூசி என்று சொல்லித் தடுத்தவள் நான். ஐவர் ஹால்வர்சன் அந்த அறையில் சிகரெட் பிடித்ததாக எனக்குத் தெரிந்த எந்த அடையாளமும் இல்லை. அவர் பாக்கெட்டைப் பிரித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். வக்கீல் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டீர்கள். வேண்டாம்.

இறந்தவரின் மனைவிக்கு அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பித் தகவல் சொல்கிறோம் என்றீர்கள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. லொரெட்டா வெளியே காரில், பிரிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவருடைய சாமான்களை வாங்கக் கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் உள்ளே வரும்போது, "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதில் கையெழுத்துப் போட்டவுடன் நானே போய் அவளிடம் சொல்வேன்.

இதில் கண்டதெல்லாம் நான் என் வாயால் சொன்னது, யாரும் மிரட்டவில்லை, சொல்லிக் கொடுக்கவும் இல்லை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், கேட்டுக்கொண்டேன், உண்மை.

(ஒப்பம்) வெர்னா ப்ரூயிட்

என் முன்பாகக் கையெழுத்திட்டார்: டெபுடி ஒகாசியோ