மேலேயிருந்து இன்னும் வரலை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். இதில் நரி வராது, ராஜகுமாரி வரமாட்டாள். ஒரு பள்ளி வண்டி வரும். அது மெதுவாகத்தான் வரும். நடுவில் யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் எழுந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவள். அந்தப் பக்கத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகம், ஒரே கணக்கு. ஆசிரியர் சம்பளம், ஓடு மாற்றுவது, வண்டிக்கு டீசல், ஆயாக்களுக்குக் கூலி, எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். கணக்கம்மா என்பார்கள். தட்டச்சு வேலைக்குத்தான் போனேன். முன்னால் இருந்த கணக்கர் மஞ்சள் காமாலை என்று விடுப்பில் போனார், திரும்பி வரவில்லை. நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

பள்ளிகளில் கட்டணம் கிடையாது. மாநில அரசு தவணை தவணையாக மானியம் அனுப்பும், அதில்தான் எல்லாம் நடக்க வேண்டும். எந்த மாதம் எவ்வளவு என்று முதலில் காகிதம் வரும். காகிதம் தவறாமல் வந்துவிடும். பணம்தான் வழியில் எங்கேயோ உட்கார்ந்துவிடும். தொலைபேசியில் கேட்டால் மேலதிகாரி ஒருவர், "மேலேயிருந்து இன்னும் வரலைம்மா" என்பார். நல்ல மனிதர், என் முழங்கால் வலியைக்கூட விசாரிப்பார். அவருக்கும் மேலே யாரோ இருந்திருப்பார்கள். என்னிடம் வந்து நிற்கிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நாங்கள் எல்லோரும் குடித்தனம் நடத்தினோம்.

கையில் பத்து பேருக்குக் கொடுக்க இருக்கும், வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். யாரை நிறுத்துவது? மின்சாரக்காரர்கள் இணைப்பை வெட்டக் குறட்டோடு வந்து நிற்பார்கள், அவர்களுக்கு முதலில் கொடுத்தேன். டீசல்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார், அவருக்கு இரண்டாவது. சிரித்த முகத்தோடு கேட்கிறவர்களை நாளைக்கு வரச் சொன்னேன். அதில் எனக்கு யார்மேலும் கோபமில்லை. சிரிக்கிறவர்கள் நாளைக்கும் சிரித்துக்கொண்டுதான் வருவார்கள்.

ஒரு வருடம் ரொம்ப மோசம். வங்கி மேலாளர் அறை வாசலில், முன்கடன் கேட்டுக் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டார், தேநீர் கொடுத்தார், கடன் கொடுக்கவில்லை. அந்த மாதம் ஒரு வாத்தியார் தன் மனைவியின் வளையலை அடகு வைத்தார். வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். திட்டியிருக்கலாம். வணக்கம்தான் சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் ஒரு தவணை சீக்கிரமே வந்துவிட்டது. வங்கிச் சீட்டைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். எங்கள் அலுவலகத் தலைவர் இயக்குநரிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன். பிறகு அதில் பாதியை எடுத்து, கட்டடப் பராமரிப்பு என்று ஒரு வைப்புக் கணக்கில் போட்டேன். இயக்குநர், "அம்மா சொன்னா சரி" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு காசு நான் தொட்டதில்லை, தங்கங்களா. நீங்கள் எந்தத் தணிக்கைக்காரரையும் கேட்கலாம். நெடுநாள் பட்டினி கிடந்த வீட்டில் அரிசிப் பானையை மூடி வைப்பார்களே, அவ்வளவுதான். அந்த வாரம்தான் பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இனி வண்டி வரும்.

எங்கள் வண்டிகளில் ஒன்றை ஓட்டியவரைப் பிள்ளைகள் நத்தை மாமா என்பார்கள். அவ்வளவு மெதுவு. சைக்கிள்காரர்கள் அவரை முந்திக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்துக் கை காட்டுவார்களாம். அந்த வண்டியின் ஆயா ஒரு இளம்பெண். பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றுவதும் இறக்குவதும் அவள் வேலை. எல்லோரும் இறங்கிய பிறகு கடைசி இருக்கை வரை நடந்து, கீழே குனிந்து பார்த்துவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நத்தை மாமா சாவியை எடுப்பார். அவளுடைய மகளும் அதே வண்டியில்தான் வந்தாள். ஐந்து வயது. வண்டி நகர்ந்ததும் தூங்கிவிடுவாள், அதனால் தூங்குமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் அவளுக்குப் பிடிக்கும்.

அந்தக் கோடையில் கை மறுபடி இறுகியது. மின்சாரமும் டீசலும் போக மிச்சத்துக்கு இடமில்லை. பணம் வரும்வரை ஆயாக்களை வீட்டில் இருக்கச் சொன்னேன். அலுவலகத்தை ஒட்டிய வண்டிப் பட்டறை ஆட்களையும் நிறுத்தினேன். டிரைவர்களை நிறுத்த முடியாது, சம்பளத்தை மட்டும் தள்ளிப்போட்டேன்.

அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

"ஏன் அக்கா, அந்தப் பணம் மாட்டு வண்டியிலயா வருது? நம்ம நத்தை மாமாவே முந்திடுவாரு போல."

நானும் சிரித்தேன். மேலேயிருந்து இன்னும் வரலை என்றேன்.

"வரும்போது வரட்டும். நான் சம்பளம் இல்லாமலே வண்டியில ஏறிக்கிறேன் அக்கா. வீட்ல சும்மாதானே இருக்கேன்."

அது முடியாது என்றேன். அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். சம்பளப் பட்டியலில் இல்லாதவள் வண்டியில் ஏறி, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அதோடு இன்றைக்குச் சும்மா வருகிறேன் என்பவர்கள், பிறகு ஒருநாள் அத்தனை மாதத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். அவள் கேட்கமாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் விதியை ஒருத்திக்காக எப்படி மாற்றுவது, சொல்லுங்கள்.

அவள் கொஞ்ச நேரம் என் மேசை ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இவ தூங்கிடுவா அக்கா, அதான்."

"டிரைவர் இருக்கார்ல."

"அவரு ரோட்டைப் பாப்பாரா, இவளைப் பாப்பாரா?"

நான் வேறு காகிதத்தை எடுத்தேன். அவள் போய்விட்டாள். போகும்போது நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுத்தான் போனாள். நல்ல பழக்கம்.

சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. நத்தை மாமாவே பின்னால் நடந்து பார்த்துக்கொண்டார். ஆனால் அவருக்கும் சம்பளம் இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு அம்மா இருந்தார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்டியை எங்கள் அலுவலக முற்றத்தில் நிறுத்திவிட்டு, கிடங்கில் மூட்டை தூக்க ஓடுவார். கொஞ்சம் தாமதமானாலும் அங்கே வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் முற்றத்தில் நிறுத்தும் ஏற்பாடு என்னுடையது. டீசல் மிச்சமாகும்.

அன்று காலையும் அப்படித்தான் நிறுத்தினார். படியேறி வந்து, கதவில் கை வைத்துக்கொண்டே, "வந்துதாம்மா?" என்றார். இன்னும் வரலை என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. இந்த மனிதருக்கு இவ்வளவு வேகம் எங்கே இருந்தது என்று நினைத்தேன்.

என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டி. வெயில் ஏற ஏற அதன் கண்ணாடியில் பட்டு என் மேசைமேல் அடித்தது, எண்கள் தெரியாமல் கண் கூசியது. எழுந்து திரையை இழுத்துவிட்டேன். பிறகு கீழேயிருந்து ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. தகரத்தில் தட்டுவதுபோல. கொஞ்சம் நிற்கும், மறுபடி கேட்கும். பட்டறையில் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கூட்டலைத் தொடர்ந்தேன். மதியத்துக்குள் நின்றுவிட்டது. அன்றைய கூட்டல் ஒரே தடவையில் சரியாக வந்தது.

பள்ளியில், தூங்குமூஞ்சிக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து, வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். மாலை பிள்ளைகளை அழைத்துவர நத்தை மாமா வந்து வண்டிக் கதவைத் திறந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார், அலுவலகத்தில் தொலைபேசி என் அறையில்தான் இருந்தது. என் மேசைமேல்தான் படுக்கவைத்தார். காகிதங்களை ஓரமாக ஒதுக்கிக் கொடுத்தேன். உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவளுடைய அம்மா தட்டுவதைத் தினம் கேட்டவள் அல்லவா, தட்டினால் யாராவது வருவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாளே எல்லா ஆயாக்களையும் திரும்பக் கூப்பிட்டேன். நிலுவையையும் சேர்த்துக் கொடுத்தேன். "வந்துடுச்சா?" என்றார் இயக்குநர். வந்துவிட்டது என்றேன்.

வழக்கு நடந்தது. நத்தை மாமா தன் பக்கம் ஒன்றுமே சொல்லவில்லை. நான்தான் பின்னால் போய்ப் பார்க்கலை, நான்தான் பார்க்கலை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என்னையும் கூப்பிட்டு, ஆயாவுக்குக் கொடுக்கப் பணம் இருந்ததா என்று கேட்டார்கள். மேலேயிருந்து வரவில்லை என்றேன். நீதிபதி குறித்துக்கொண்டார். தெருவில் ஊர்வலம் போனார்கள், செய்தித்தாள்கள் அரசாங்கத்தைத் திட்டின. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தவணைகள் ஒழுங்காக வந்தன. அந்த விதத்தில் ஒரு நன்மை ஆயிற்று. நத்தை மாமா சிறைக்குப் போனார். அவருடைய அம்மாவுக்கு என் சொந்தச் சம்பளத்திலிருந்து, அந்த அம்மா இருந்தவரை, மாதாமாதம் அனுப்பினேன். ஒரு மாதம்கூடத் தாமதித்ததில்லை.

அந்தப் பெண் நெடுநாள் கழித்து ஒருமுறை வந்தாள். சிரிக்கவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தாள். எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க," என்றாள். "மேலேயிருந்தே வரலையே."

அவள் கை என் கைமேல் இருந்தது. அந்த நேரத்தில் அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த ஆறுதலும் போயிருக்கும். அதனால் சொல்லவில்லை. அவளை நினைத்துத்தான் சொல்லவில்லை.

பணம் வந்திருந்தது, கண்ணுகளா. அவள் சம்பளமில்லாமல் ஏறுகிறேன் என்று கேட்டாளே, அதற்கு முந்தைய வாரமே வந்துவிட்டது. வைப்புக் கணக்கில் பத்திரமாக இருந்தது. அடுத்த தவணை எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்? இன்றைக்கு எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நாளைக்கு எல்லோர் முன்னாலும் வெறுங்கையோடு நிற்பதா? அந்த வாத்தியார் மறுபடி எனக்கு வணக்கம் சொல்வதை நான் எப்படித் தாங்குவேன்?

பட்டறைச் சத்தம் என்று சொன்னேன் அல்லவா. பட்டறையை மூடியதும் நான்தான். அது ஏனோ அப்போது நினைவுக்கு வரவில்லை. வயதாகிவிட்டால் இப்படி ஆகும் என்பார்கள். அப்போது எனக்கு அவ்வளவு வயதாகவில்லை.

நத்தை மாமா விடுதலையாகி வந்து, போன மாதம் கண்ணை மூடிவிட்டார். இனி இதைச் சொன்னால் யாருக்கும் கஷ்டமில்லை. ஓய்வு பெறும்போது அந்த வைப்புக் கணக்கைப் புதிதாக வந்தவரிடம் ஒப்படைத்தேன். கெட்டிக்காரர். "நல்ல ஏற்பாடும்மா, இப்படியே வெச்சுக்கறேன்" என்றார். உங்கள் பிள்ளைகள் போகிற வண்டிகளுக்கு இப்போது அவர்தான் கணக்கு. எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

சரி, இருட்டுகிறது, எழுந்திருங்கள். பார்த்து இறங்குங்கள், மூன்றாவது படி உடைந்திருக்கிறது. உங்கள் வீடுகள் நன்றாக இருக்கட்டும். போன பிள்ளைகள் எல்லாம் வந்துசேரட்டும். கேட்டு வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு வரட்டும். உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் மிச்சம் எப்போதும் இருக்கட்டும்.