எந்தத் தரையிலிருந்து என்று கேட்ட மகெரெதா கொரோய் அவர்களுக்கு

வைலோமா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, இன்று தலைமைக் கட்டுப்பாட்டாளராக ஓய்வு பெறும் மகெரெதா கொரோய் அவர்களுக்குக் கோபுரத்துப் பணியாளர்கள் மனமுவந்து வாசித்தளிக்கும் மடல்.

வானத்தை வகுத்தவரே! வார்த்தையை அளந்தவரே! புயலிலும் குரல் உயராத பொறுமையே! வணக்கம்.

உங்கள் தந்தையும் சிற்றப்பாவும் அமர்ந்த நாற்காலியில் மூன்றாவதாக வந்து அமர்ந்தீர்கள். குடும்பப் பெயரால் அங்கே வந்தவர் என்று எவரும் சொல்ல இடம் வைக்காமல் உழைத்தீர்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கரையோர மருத்துவமனை மலைக் கிராமங்களுக்கு ட்ரோனில் மருந்து அனுப்பத் தொடங்கியது. விமானம் ஒவ்வொன்றுக்கும் நாம் பலகையில் செருகும் காகிதச் சீட்டை ட்ரோனுக்கும் எழுத வேண்டும் என்றீர்கள். "பறக்குற பொட்டிக்கெல்லாம் சீட்டா, அக்கா?" என்று நாங்கள் சிரித்தோம். "வானத்துல ஏறிட்டா அதுவும் விருந்தாளிதான். பேரு எழுதாம உள்ள விடமாட்டேன்" என்றீர்கள். அன்றிலிருந்து ட்ரோனுக்குச் சிவப்புச் சீட்டு.

சென்ற ஆண்டுப் புயலுக்கு மறுநாள் பிற்பகலை இங்கே சொல்லாமல் விட்டால் இம்மடல் வெறும் புகழ்ச்சியாகிவிடும். பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. மேகம் மலைமேல் படுத்திருந்தது. பிள்ளை பெற்று இரத்தம் நிற்காத ஒரு தாயையும் அவள் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, விமானி எபேலியின் ஹெலிகாப்டர் பள்ளத்தாக்கு வழியே ஆயிரத்து முந்நூறு அடி உயரத்தில் வந்துகொண்டிருந்தது. மேகத்தால் அதற்கு மேல் ஏற வழியில்லை. அதே நேரம், நவுனிவி கிராமத்தில் மருந்தை இறக்கிய ட்ரோன் திரும்பக் கிளம்பியது. உயரம் நானூறு அடி என்று அதை இயக்கும் ரோனில் சொன்னார். நானூறு என்று சிவப்புச் சீட்டில் எழுதினீர்கள். இரண்டுக்கும் நடுவே தொள்ளாயிரம் அடி இருப்பதாக எண்ணி எபேலிக்கு வழி கொடுத்தீர்கள்.

ஒரு நிமிடம் கழிந்தது. உங்கள் கை சீட்டின் மேலேயே நின்றது. "நவுனிவி மலையே தொள்ளாயிரம் அடியாச்சே. நானூறுல எப்படிப் பறக்கும்?" என்று உங்களுக்குள் முணுமுணுத்தது எங்களுக்குக் கேட்டது. உடனே ஒலிவாங்கியைப் பிடித்தீர்கள்.

"ரோனில், நானூறுன்னது எந்தத் தரையிலேருந்து?"

"அது கிளம்புன இடத்துலேருந்து, மேடம். மேல பேட்டரி மாத்தினோம், அங்கேருந்து புதுசா எண்ணும்."

விமானங்களுக்கு நாம் எண்ணுவதுபோல் கடல் மட்டத்திலிருந்து எண்ணினால் ஆயிரத்து முந்நூறு! ஹெலிகாப்டரின் அதே உயரம்.

"எபேலி, வலப்பக்கம் கடலுக்குத் திரும்பு. இப்பவே. ரோனில், அதை நிக்குற இடத்துலயே நிறுத்து!"

சில நொடிகள் கழிந்தன. பின்பு எபேலியின் குரல்: "திரும்பிட்டேன். இடது ஜன்னல்ல பாத்தேன், அக்கா. சிவப்பு விளக்கு. ரொம்பக் கிட்ட."

தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். தரையிறங்கிய எபேலி, உங்கள் ஊரும் அவன் ஊரும் ஒன்றையொன்று கேலி செய்துகொள்ளும் பழைய முறையை அப்போதும் விடவில்லை. "உங்க ஊர்க்காரங்களுக்குக் கணக்கு வராதுன்னு எங்க ஊர்ல சும்மாவா சொல்றாங்க!" என்றான். "உங்க ஊர்க்காரன் ஒரு தடவை சொன்னதும் கேட்டானே, அதுதான்டா அதிசயம்" என்றீர்கள்.

அன்று மாலை, கோபுரத்தின் முன்னாள் தலைவரான உங்கள் சிற்றப்பா இசிகேலி கொரோய் படியேறி வந்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. புயல்ல ரேடியோ சரியா கேக்கலைன்னு அறிக்கையில எழுதிடும்மா. நம்ம குடும்பத்துப் பேரை ஒரு சீட்டுக்காகக் கெடுத்துக்காதே. உன் உரிமமே போயிடும்" என்றார். நீங்கள் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, நின்றபடியே சொன்னீர்கள்: "சித்தப்பா, ரோனில் சொன்னது அவங்க முறைப்படி சரி. நான் எழுதினது நம்ம முறைப்படி தப்பு. இதை மறைச்சா நாளைக்கு வேற யாராவது இதே நானூறை எழுதுவாங்க. என் பேர்லயே எழுதுறேன்."

எழுதினீர்கள். ஐந்து வாரங்கள் உங்களைப் பணியிலிருந்து விலக்கி விசாரித்தார்கள். அந்த ஐந்து வாரமும் உங்கள் தேநீர்க் கோப்பையை எவரும் இடம் மாற்றவில்லை. முடிவில் உரிமத்தைத் திருப்பித் தந்து, எழுத்துமூலம் எச்சரித்தார்கள். ட்ரோன் உயரம் எதுவானாலும் எந்தத் தரையிலிருந்து என்று கேட்டு, கடல் மட்டக் கணக்கில் மாற்றி எழுதிய பிறகே வழி தர வேண்டும் என்பது இன்று தீவுகள் அனைத்துக்கும் விதி. அந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் குறையாக எண்ணுபவர் எவரேனும் இருந்தால், அவர் இந்தக் கோபுரத்து வாசலைக் கடக்க வேண்டாம்.

அன்றைய சிவப்புச் சீட்டு இம்மடலோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதில் நானூறு என்பது கோடிட்டு நீக்கப்பட்டு, அருகே உங்கள் கையெழுத்தில் ஆயிரத்து முந்நூறு. அதை மறைக்கச் சொன்னவர்தான் இம்மடலை எழுதினார். எங்களுக்கு முன்னால் முதல் கையெழுத்தைத் தானே இட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எந்தத் தரையிலிருந்து அளந்தாலும் உயர்ந்தவரே! கண் தெளிவும் கால் வலுவும் குறையாமல், பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நெடுங்காலம் வாழ்வீராக!

இசிகேலி கொரோய்
மற்றும்
வைலோமா கோபுரத்துப் பணியாளர்கள், விமானி எபேலி, ரோனில்