உப்புப் போடாத சொதி

போலீஸ் ஸ்டேஷன் என்றாலும் நீங்கள் வாங்கித் தந்த டீ நன்றாக இருந்தது. இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தொழில் அப்படி. தென்காசிப் பக்கம் கல்யாணம் என்றால் சமைக்கிற தவசிப்பிள்ளை யார் என்று கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று கேட்பார்கள். சமையல் வீரபாகு என்று பதில் வந்துவிட்டால் மாப்பிள்ளையைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை. மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் விட்ட என் சொதியைச் சாப்பிட்ட பிறகு, முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்திகள் வெற்றிலை மாற்றிக்கொண்ட கதை கடையம் வரைக்கும் தெரியும்.

நீங்கள் என் மனைவி உலகம்மாளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன், அவசரப்பட்டால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து, மருந்தும் ஏற்றி முடித்தார்கள். பிழைத்துவிட்டாள் என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில் சாப்பாடு அவளுக்கு வெறுத்துப்போனது. கூட்டாஞ்சோறு, தீயல், இடிசாம்பார் என்று நானும் விடாமல் சமைத்து வைத்தேன். இரண்டு வாய் வாங்குவாள், அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவாள். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போனது. அவள் தோள்பட்டை எலும்பைப் பார்த்து நான் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். அது நிஜம், அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

டாக்டரம்மா ஒரு ஹார்மோன் மருந்து எழுதிக் கொடுத்தார். பால் மாதிரி வெள்ளையாக, எலுமிச்சை வாசனையோடு இருக்கும். பசியை எழுப்புமாம். எழுதிக் கொடுத்ததோடு விடவில்லை, என்னை எதிரே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "நல்லா குலுக்கிட்டுத்தான் குடுக்கணும். கூட வந்த அளவு கப்லதான் ஊத்தணும், வீட்டு ஸ்பூன் கூடாது. தினம் ஒரே நேரம். கால் வீங்குனாலோ மூச்சு வாங்குனாலோ உடனே கூட்டிட்டு வாங்க. முக்கியமா, நீங்களா நிறுத்தக் கூடாது. திடீர்னு நின்னா ஒடம்பு தாங்காது. நிறுத்தணும்னா நாங்க சொல்லுவோம்." பக்குவம் சொல்வதைக் கேட்பது எனக்குப் பழக்கம். ஒன்றையும் மறக்கவில்லை.

மருந்து வேலை செய்தது. ஆனி மாதத்துக்குள் உலகம்மாள் தானே அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். வாசுதேவநல்லூர் ஸ்டேஷனில் வேலை பார்க்கிற எங்கள் மகள் வேல்விழி, உங்கள் இலாகாதான், போனில் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை.

ஆனால் அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். என் வருத்தம் அதுதான். பக்கத்து வீட்டு ஷமீம் பானு தங்கமான பெண், ஆனால் அவள் வைக்கிற ரசத்தில் துணி அலசலாம். உலகம்மாள் அதைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, "பானு, அமிர்தமா இருக்குட்டி" என்றாள். பானுவுக்கே நம்பிக்கை வரவில்லை. "அண்ணாச்சி, மைனி கேலி பண்ணுதாகளா?" என்று என்னிடம் கேட்டாள். சாரல் விழுகிறதென்று குற்றாலம் கூட்டிப் போனேன். அங்கே முந்தின நாள் எண்ணெயில் போட்ட வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, என் சொதியைச் சாப்பிடும்போது எப்படிக் கண்ணை மூடுவாளோ அப்படியே கண்ணை மூடினாள். முப்பது வருஷமாக எனக்கென்றே மூடிய கண் அது. நீங்களே சொல்லுங்கள், ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்.

மறுநாள் ஒரு சோதனை செய்தேன். சொதி வைத்தேன். முதல் பால், இரண்டாம் பால் எல்லாம் முறையாகப் பிழிந்து, பாசிப்பருப்பு குழைய வேகவைத்து, இஞ்சிச் சாறு விட்டு இறக்கினேன். உப்பு மட்டும் போடவில்லை. ஒரு கல் கூடப் போடவில்லை. அவள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ஒங்க கைக்கு என்ன குறை. எப்பவும் போல நல்லாத்தான் இருக்கு."

எப்பவும் போல. அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. சாப்பிடுவது உலகம்மாள் இல்லை, அந்தப் பாட்டில்தான் என்று எனக்குப் புரிந்தது. பாட்டிலுக்குச் சமைத்துப் போட என்னால் முடியாது.

அதனால் மருந்தை மாற்றினேன். கூவைக்கிழங்கு மாவை நீர்க்கக் காய்ச்சி, சர்க்கரையும் இரண்டு சொட்டு எலுமிச்சையும் விட்டால் பார்வைக்கும் வாசனைக்கும் அதேதான்; அதை அந்த மருந்துப் பாட்டிலிலேயே ஊற்றி வைத்தேன். அசல் மருந்தை நான் கீழே கொட்டவில்லை, விலை கூடிய சரக்கு. ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் பத்திரமாக எடுத்து வைத்தேன். மற்றபடி டாக்டரம்மா சொன்ன முறையில் ஒன்று பிசகவில்லை. நன்றாகக் குலுக்கினேன். கூட வந்த கப்பில் அளந்தேன். தினம் ஒரே நேரத்தில் கொடுத்தேன். வேல்விழி போனில், "அப்பா, மருந்து ஒழுங்கா குடுக்கீங்களா?" என்று கேட்டால், "குலுக்கிட்டுத்தாம்மா குடுக்கேன்" என்பேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

என் கணக்கு எளிமையானது. மருந்துப் பசி போய்விடும். கொஞ்ச நாளில் சொந்தப் பசி வரும். வந்ததும் என் சமையலைக் கேட்பாள்.

சில நாளிலேயே அவள் தளர்ந்துபோனாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். வாந்தி வந்தது. சொந்தப் பசி வருவதற்கு முன்னால் உடம்பு கொஞ்சம் சுத்தமாகிறது என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் கட்டிலில் படுத்தபடி, "மருந்து சரியாத்தான குடுக்கிய? முந்தி மாதிரி வேலை செய்யலியே" என்றாள்.

"வேளை தப்பாம குடுக்கேன்லா. நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க?"

"ஒங்களச் சொல்லல. நீங்க ஆசையா வச்சுத் தாறிய, எனக்குத்தான் எறங்க மாட்டேங்கு. வருத்தப்படாதிய."

எனக்காக ஒரு வாய் சோற்றை வாயிலேயே வைத்திருந்தாள். விழுங்க முடியாமல், துப்பவும் மனசில்லாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. இன்னும் கொஞ்சம் நெய் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

ஆடி முடிவதற்குள் அடுப்படி நிலைப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பிரஷர் இறங்கிக் கிடக்கிறது என்றார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த ஹார்மோன் மருந்த இடையில நிறுத்துனீங்களா? நிறுத்தியிருந்தா மறைக்காம சொல்லுங்க. அதுக்குன்னு ஊசி இருக்கு, போட்டா எந்திரிச்சிருவாங்க."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. உலகம்மாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். நிறுத்தினேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதைச் சொன்னால், வீரபாகு சமையலைச் சாப்பிட அவன் பெண்டாட்டிக்கே மருந்து வேண்டியிருந்தது என்று ஊர் பேசும்.

"ஒரு வேளை கூடத் தப்பல டாக்டர்" என்றேன்.

அவர்கள் கிருமி என்று நினைத்து அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். மறுநாள் மதியம் போய்விட்டாள்.

வேல்விழி எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மிச்ச மருந்தை வேறு யாருக்காவது உதவும் என்று எடுத்தவள், பாட்டில் புளித்து நுரைத்திருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நாக்கில் தொட்டுப் பார்த்தாள். சின்ன வயதில் வயிறு கெட்டால் நான் காய்ச்சிக் கொடுத்தது கூவைக் கஞ்சிதான். ஒரு சொட்டிலேயே என் கைப்பக்குவத்தைத் தெரிந்துகொண்டாள். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. அப்புறம் அலமாரி முழுவதும் தேடி, ஜாடிகளுக்குப் பின்னால் இருந்ததையும் எடுத்துவிட்டாள். பதினாறு கழியட்டும் என்று மட்டும் சொன்னாள். கழிந்ததும் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆம், மருந்தை நிறுத்தியது நான்தான். நிறுத்தினால் ஆகாது என்று தெரிந்துதான் நிறுத்தினேன். காப்பாற்ற ஊசி இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பதினாறாம் நாள் சமையலை நான் செய்தது திமிர் என்று மகள் புகாரில் சொல்லியிருக்கிறாளே, அதை மட்டும் ஏற்க முடியாது. சொந்தக்காரர்கள் தடுத்தார்கள், நான் கேட்கவில்லை. உலகம்மாளுக்குப் பிடித்த சொதியே வைத்தேன். வேல்விழி பந்தியில் உட்காரவில்லை, அது அவள் இஷ்டம். மற்ற அத்தனை பேரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, இலையை வழித்துச் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட மருந்து குடித்துவிட்டு வந்தவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.