காத்து போகுதா?

உங்கள் விசாரணை அறையில் இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. முதுகுக்கு ஒரு தலையணையும் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. பல வருடம் ஆபரேஷன் மேஜையின் கால்மாட்டில் குட்டை முக்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்தவளுக்கு இதெல்லாம் பெரிய சுகம்.

நர்ஸ் உங்களிடம் சொன்னது உண்மை. திருகு திறந்துதான் இருந்தது. அவள் நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். மற்றதை நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பெருங்குடலில் கட்டி வந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறோம். அந்த இணைப்பு கசிந்தால் மலம் வயிற்றுக்குள் இறங்கும். பிறகு ஆளைப் பிழைக்க வைப்பது கஷ்டம். அதனால் வயிற்றை மூடும் முன் ஒரு சோதனை உண்டு. உள்ளே உப்புத் தண்ணீர் ஊற்றி இணைப்பை மூழ்க வைத்து, அதற்கு மேலே குடலைக் கவ்விப் பிடித்துக்கொள்வார்கள். கீழே ஒருவர் ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டு, ரப்பர் பந்தை அழுத்திக் காற்று அடிப்பார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருக்குமே, அதே மாதிரிப் பந்து, அதே மாதிரித் திருகு. தண்ணீரில் குமிழி வந்தால் ஓட்டை. வராவிட்டால் நிம்மதி. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

மேலே நிற்பவருக்குத் தண்ணீர் தெரியும், கீழே இருப்பவரின் கை தெரியாது. நடுவில் பச்சைத் துணி தொங்கும். “காத்து போகுதா?” என்று அவர் கேட்பார். “போகுது சார்” என்று நான் சொல்வேன்.

எங்கள் பிரிவுத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவருக்கு அடுத்தது நான். அவர் போடும் எல்லாத் தையலும் எனக்கும் தெரியும். இருந்தும் காற்றடிக்கும் வேலையை அவர் வேறு யாருக்கும் தரமாட்டார். “உன் கைக்குத்தாம்மா அளவு தெரியும்” என்பார். சோதனை நேரம் வந்ததும், “பஞ்சர் கடை ரெடியா?” என்று குரல் கொடுப்பார். ஆபரேஷன் தியேட்டரே சிரிக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. கேன்டீனில் காபி போடுபவர்கூட ஒருநாள் “பஞ்சர் மேடம், சர்க்கரை போடலாமா?” என்றார். சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தேன். என் கணவர் வீட்டில் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தார். அன்று நான் சாப்பிடாமல் படுத்தது தலைவலியால்தான்.

பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அவர் தைத்த இணைப்புகளில் அவ்வப்போது குமிழி வந்தது. “அட, ஒண்ணு தப்பிச்சிருக்கு பாரு” என்று சொல்லி இன்னொரு தையல் போடுவார். மறுபடி காற்றடிக்கச் சொல்வார். சோதனையை ஒருநாளும் விட்டதில்லை. நோயாளிகள் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

நோயாளிகளை நினைத்துத்தான் நான் மருத்துவமனை நிர்வாகியிடம் போய்ப் பெரியவரின் கையைப் பற்றிச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“குமிழி வந்தா அவரே பாத்து சரி பண்ணிடறாரே மேடம். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. எதக் காட்டி நான் அவரப் போகச் சொல்றது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். பெரியவரின் கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தச் சோதனை. சோதனை ஒழுங்காக நடக்கும்வரை அவர் குறை வெளியே வராது. சோதனையை நடத்திக்கொடுப்பது நான். அப்படியென்றால் அவர் குறையை மூடி மறைத்துக்கொண்டிருந்ததே நான்தான். எனக்குப் பொய் பிடிக்காது.

அதன்பிறகு முதல் இரண்டு அழுத்தல் மட்டும் உள்ளே விட்டேன். குடல் லேசாக உப்பும், மேலே இருப்பவருக்கு அது தெரிய வேண்டும். பிறகு திருகைத் திறந்துவிட்டு அழுத்துவேன். பந்தின் சத்தம் கேட்கும், காற்று என் கைக்குள்ளேயே வெளியேறிவிடும். கசியும் என்று எனக்குத் தெரியாது. கசிகிறதா என்று பார்க்க விடவில்லை, அவ்வளவுதான்.

சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மாவுக்குக் கசிந்தது. மறுபடி வயிற்றைத் திறந்து, மலம் வெளியேற வயிற்றிலேயே பை வைத்தார்கள். “தைக்கக் குடுக்க வர்றவங்க மூக்கப் பொத்திக்குவாங்களோ டாக்டர்?” என்று கேட்டார். பாவமாக இருந்தது. ஆனால் அவர் பிழைத்துவிட்டதால் நிர்வாகி அசையவில்லை.

அடுத்து ஓய்வுபெற்ற தபால்காரர். அன்று பெரியவர் தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“காத்து போகுதா?”

“போகுது சார்.”

“சரியா உப்பலையே. இன்னும் கொஞ்சம் அடிம்மா.”

அடித்தேன். திருகின்மேல் என் கட்டைவிரல் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினால் மூடிக்கொள்ளும். கையுறைக்குள் விரல் வழுக்கியது. குப்பைக் கூடையை நகர்த்தக் குனிந்த நர்ஸின் மணிக்கட்டில் காற்று பட்டிருக்க வேண்டும், என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அழுத்துவதை நிறுத்தவில்லை.

“இதுக்கு மேல அடிச்சா தையல் பிரிஞ்சிடும் சார்” என்றேன்.

“நீ சொன்னா சரிதாம்மா” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கச் சொன்னார்.

இரண்டு நாளில் தபால்காரருக்குக் காய்ச்சல் வந்தது. வராந்தாவில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காத்து வெச்சுப் பாத்தீங்களாமே டாக்டர்? எல்லாம் நல்லா இருந்துச்சுதானே?”

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா.”

“அப்புறம் ஏன் அப்பா வயித்தத் தொட்டாலே துடிக்கிறாரு?”

“மருந்து கேக்கும். கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

பெரியவரும் என்னைக் கேட்டார், மறுபடி திறந்து பார்த்துவிடலாமா என்று. சோதனை சுத்தமாக இருந்ததே, அவசரப்பட வேண்டாம் என்றேன். அப்போதே திறந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம், அதை மறைக்கவில்லை. ஆனால் தையல்கார அம்மா பிழைத்ததால் என்ன ஆயிற்று என்பதையும் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

தபால்காரர் இறந்த அன்று பெரியவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். “நீ சரியாத்தாம்மா அடிச்ச. என் கைதான் போச்சு. இனிமே கத்தியத் தொடமாட்டேன்” என்றார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியது. அவரை யாரும் துரத்தவில்லை, தானாகத்தான் போனார்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், தபால்காரரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நடுங்கும் கையிடமிருந்து எத்தனை பேரைக் காப்பாற்றினேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது நான்தான் தைக்கிறேன். என் கை நடுங்காது, வேண்டுமானால் நீட்டிக் காட்டுகிறேன். திருகு மூடியிருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்த பிறகுதான் காற்றடிக்கச் சொல்வேன். போன மாதம் என் இணைப்பிலும் குமிழி வந்தது. இந்த மாதமும் வந்தது. இன்னொரு தையல் போட்டு மூடினேன், இரண்டு பேரும் சுகமாக வீட்டுக்குப் போனார்கள். இதையெல்லாம் போய் நிர்வாகியிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அது கையின் குறை இல்லை. எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் எல்லோருக்கும் வருவதுதான்.