போயிட்டு வாறேன்

துபாய் விமான நிலையத்திலிருந்து அல் ஐன் செல்லும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், அங்கே வேலை பார்க்கும் இரண்டு நர்ஸுகள். பேச்சில் தூத்துக்குடி. சபை ஊழியத்துக்காக உகாண்டா போய்விட்டுத் திரும்புகிறார்கள்.

“கடைசி நாள் அந்தச் சபைப் பிள்ளைகள்ட்ட பொய் சொல்லிட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

“என்ன பொய்?”

“போறேன்னு சொல்லக் கூடாதேன்னு ‘போயிட்டு வாறேன்’னு இங்கிலீஷ்ல சொன்னேன். அங்கத்த பாஸ்டர் அப்படியே அவங்க பாஷையில சொல்லிட்டாரு. உடனே எல்லாம் கையத் தட்டி, எப்ப வருவீங்கன்னு கேக்குதுங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அடுத்த லீவுக்குன்னுட்டேன்.”

“அப்ப ஊருக்கு?”

இளையவள் வெளியே மணலைப் பார்த்தபடி சொன்னாள்.

“அம்மாட்டயும் போயிட்டு வாறேன்னுதானக்கா சொல்லிட்டு வந்தேன்.”